தகராறும் தக்ராரும்: பதுளையில் ஒரு சொற்பாடம்

‘தகராறு’ என்றால் நமக்குச் சண்டை, பிணக்கு, வழக்கு. பாடசாலையில் நாளுக்கு நாலு தடவையாவது இச்சொல் என் காதில் விழும். “டீச்சர், இவன் தகராறு பண்றான்.” இச்சொல்லின் பூர்வீகம் அரபி. ‘தக்ரார்’ என்பது மூல வடிவம். திரும்பச் செய்தல், திரும்பச் சொல்லுதல் என்பதே அங்கு அதன் பொருள். பாரசீகம், உருது என்று சுற்றித் தமிழுக்கு வந்து சேர்வதற்குள் அது சண்டையாகிவிட்டது. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஒரே பேச்சை இரண்டு பேர் மாறி மாறித் திரும்பச் சொன்னால் அது வேறு எதில் போய் முடியும்?

இந்தச் சொல்லின் பழைய பொருளைத் தேடிப் போகவேண்டிய தேவை எனக்கு 2009ஆம் ஆண்டில் ஏற்பட்டது. பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தாய் எங்கள் வீட்டுக்கு வந்தார். அவருடைய மூத்த மகன் என் வகுப்புப் பிள்ளை. வாசலிலேயே நின்றுகொண்டு கேட்டார்: “டீச்சர், நீங்க முஸ்லிம் ஆளுங்கதானே. ஒங்களுக்கு அரபி தெரியும்தானே? நா சவுதிக்குப் போறேன். ரெண்டு மூணு மாசத்துல பிளைட்டு. பேசத் தெரியாமப் போனா அடிப்பாங்கன்னு சொல்றாங்க.”

தெரியும் என்று சொல்லிவிட்டேன். அன்றிரவு தொழுகைக்கு நின்றபோதுதான் நான் சொன்னது எவ்வளவு பெரிய பொய் என்று விளங்கியது.

ஒரு கணக்குப் பார்ப்போம். ஐந்து வக்துப் பர்ளுத் தொழுகைகளின் றக்அத்துகள் பதினேழு. றக்அத்துக்கு ஒரு தடவை சூறத்துல் பாத்திஹா. ஆக நாளுக்கு 17 தடவை. வருடத்துக்கு 6,205 தடவை. பத்து வயதில் தொழத் தொடங்கிய எனக்கு அப்போது முப்பது வயது. தொழுகை இல்லாத நாட்களை எல்லாம் தாராளமாகக் கழித்தாலும் 80,000 தடவைக்குக் குறையாமல் அந்த ஏழு வசனங்களை ஓதியிருப்பேன். சூறாவின் கருத்தை மொழிபெயர்ப்பில் படித்திருக்கிறேன்தான். ஆனால் இந்தச் சொல்லுக்கு இதுதான் அர்த்தம் என்று பிரித்துக் காட்டச் சொல்லியிருந்தால் பாதிச் சொல்லில் திணறியிருப்பேன். எண்பதினாயிரம் தடவை தக்ரார் செய்தும் ஒரு பாஷை எனக்கு வரவில்லை. தமிழ் சிறப்புப் பட்டம் வாங்கி, அகராதிகளோடு நாலு வருடம் மல்லுக்கட்டிய எனக்கு அது மிகுந்த வெட்கத்தைத் தந்தது.

நமது ஓதல் முறையில் திரும்பச் சொல்லுதல் எப்படி அமைந்திருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். எங்கள் உம்மம்மாவின் காலத்தில் பலகையில் எழுதித்தான் ஓதினார்கள். லெப்பை அன்றைய பாடத்தைப் பலகையில் எழுதிக் கொடுப்பார். ஒப்புவித்த பிறகுதான் அதைக் கழுவலாம். பாடம் வராத பிள்ளையின் பலகை கழுவப்படாமல் நாட்கணக்கில் கிடக்கும். “கழுவாப் பலகை” என்று எங்கள் வீட்டில் மந்தமான பிள்ளையை ஏசுவதுண்டு. என் காலத்தில் பலகை போய்விட்டது. அலிபு ஸபர் அ, அலிபு ஸேர் இ, அலிபு பேஷ் உ என்று இராகம் போட்டுக் கத்தியது மட்டும் மிச்சம். (ஸபர், ஸேர், பேஷ் என்பவை அரபியே அல்ல, பாரசீகம். அரபியில் பத்ஹா, கஸ்றா, ளம்மா. நமக்கு மார்க்கம் எந்தெந்தக் கப்பலில் ஏறி வந்தது என்பதற்கு இப்படியான சின்னச் சின்னச் சாட்சிகள் ஏராளம்.)

ஹிப்ழுப் பிள்ளைகளின் முறை இன்னும் ஒழுங்கானது. இன்றைய புதிய பாடம் ‘ஸபக்’. அண்மைய நாட்களில் பாடமாக்கியது ‘ஸப்கீ’. பழையது முழுவதும் ‘மன்ஸில்’. மூன்றையும் தினமும் ஒப்புவிக்க வேண்டும். புதியதில் மட்டும் கவனம் வைத்தால் பழையது நழுவிவிடும். கட்டிப்போட்ட ஒட்டகத்தைவிட வேகமாகக் குர்ஆன் நெஞ்சைவிட்டுத் தப்பிப் போகும் என்ற கருத்தில் வரும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் உண்டு. ஒட்டகத்தின் கயிற்றை அடிக்கடி போய்ப் பார்க்கிறவனுக்குத்தான் ஒட்டகம் மிஞ்சும்.

எத்தனை தடவை, எத்தனை நாள் இடைவெளியில் போய்ப் பார்ப்பது? இதற்கு எண்ணிக்கையோடு விடை சொன்ன ஒருவர் நம் மத்தியில் இருந்திருக்கிறார் என்பது எனக்கு அதுவரை தெரியாது. இமாம் ஸர்னூஜி மத்திய ஆசியாவைச் சேர்ந்தவர். ஹனபி மத்ஹபின் புகழ்பெற்ற ‘ஹிதாயா’வை எழுதிய மர்கீனானியின் மாணவர். மர்கீனானி வபாத்தானது ஹிஜ்ரி 593, அதாவது கி.பி. 1197. ஆகவே ஸர்னூஜியின் காலம் பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியும் அதை அடுத்த சில பத்தாண்டுகளும். ‘தஃலீமுல் முதஅல்லிம்’ என்ற அவருடைய சிறுநூல் மாணவன் எப்படிப் படிக்க வேண்டும் என்பதைப் பற்றியது. ஷாபிஈகளான நாம் பெரிதாகப் புரட்டாத நூல். பக்கத்துத் தெருவிலிருந்த மௌலவி ஒருவர்தான் என் கஷ்டத்தைக் கேட்டுவிட்டு அதை எடுத்துத் தந்து, தேவையான இடத்தைத் தமிழில் சொல்லியும் தந்தார்.

ஸர்னூஜி சொல்லும் கணக்கு இது. நேற்றைய பாடத்தை இன்று ஐந்து தடவை சொல்ல வேண்டும். முந்தாநாள் பாடத்தை நாலு தடவை. அதற்கு முந்தியதை மூன்று தடவை, அதற்கும் முந்தியதை இரண்டு தடவை, அதற்கும் முந்தியதை ஒரே ஒரு தடவை. ஒரு பாடத்தின் பக்கமிருந்து பார்த்தால், அது ஐந்து நாட்களில் பதினைந்து தடவை வாயில் வருகிறது. ஒவ்வொரு நாளும் ஒன்று குறைந்துகொண்டே போகிறது. பாடம் ஊற ஊறத் திரும்பச் சொல்லும் தேவை குறைகிறது என்பதை அந்த மனிதர் கவனித்திருக்கிறார். தொடக்க மாணவனுக்கு இரண்டு தடவை சொன்னால் மனதில் நிற்கக் கூடிய அளவு பாடம்தான் கொடுக்க வேண்டும் என்கிறார். முணுமுணுத்துப் பழகக் கூடாது, உற்சாகத்தோடு வாய்விட்டுச் சொல்ல வேண்டும், ஆனால் களைத்துப் போகும் அளவுக்குக் கத்தவும் கூடாது என்றும் சொல்கிறார். அந்தக் கடைசி வாக்கியத்தை எங்கள் ஊர் ஓதப்பள்ளிகள் எல்லாவற்றிலும் மாட்டி வைக்கலாம். கேட்பதைவிட மனனம் மேலானது, மனனத்தைவிட விளக்கம் மேலானது என்று அவர் வரிசைப்படுத்தியிருப்பதுதான் என்னைச் சுட்டது. தக்ராரை எடுத்துக்கொண்ட நாம் அந்த இரண்டாவது படியை விட்டுவிட்டோம்.

ஏறக்குறைய எழுநூறு வருடங்களுக்குப் பிறகு ஜெர்மனியில் ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஆய்வாளர் இதே விடயத்தைக் கடிகாரத்தோடு ஆராய்ந்தார். அர்த்தமில்லாத அசைகள் சுமார் 2,300ஐ உருவாக்கித் தானே பாடமாக்கி, தானே மறந்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885இல் நூலாக வெளியிட்டார். ஒரு மணித்தியாலத்துக்குள் பாதிக்கு மேல் போய்விடுகிறது. ஒரு நாள் கழிந்தால் மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம். அதன்பின் மறதி மெதுவாகிறது. 1972இல் செபஸ்தியன் லைட்னர் என்பவர் இதை ஒரு பெட்டிக்குள் கொண்டுவந்தார். பெட்டியில் வரிசையாகச் சில அறைகள். மின்னட்டையின் ஒரு பக்கம் சொல், மறுபக்கம் பொருள். விடை சரியானால் அட்டை அடுத்த அறைக்குப் போகும். பிழைத்தால் எந்த அறையிலிருந்தாலும் முதலாம் அறைக்கே திரும்ப வேண்டும். முதலாம் அறையைத் தினமும் பார்க்க வேண்டும், பின்னால் உள்ள அறைகளை இடைவெளி விட்டுப் பார்த்தால் போதும். இன்று கைத்தொலைபேசியில் பிள்ளைகள் வைத்திருக்கும் சொல் மனனச் செயலிகளின் உள்ளே ஓடுவதும் ஏறக்குறைய இந்தப் பெட்டிதான். கழுவாப் பலகை என்றேனே, முதலாம் அறையில் தேங்கிக் கிடக்கும் அட்டை அதுதான்.

தக்ராரின் கதை இது. பொருளின் கதை வேறு. அதில் நம் தமிழ் மரபு வலுவானது. திண்ணைப் பள்ளிகளில் நிகண்டு மனனம் என்பது இலக்கியக் கல்விக்கு வாசற்படி. சேந்தன் திவாகரமும் பிங்கலமும் இருந்தாலும் பிள்ளைகளின் வாயில் அதிகம் புழங்கியது மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டு. அது விருத்தப்பாவில் அமைந்ததால் பாடமாக்க இலகு. ஒரு சொல்லுக்குப் பல பொருள் கூறும் அதன் பதினோராந் தொகுதியில் சொற்கள் எதுகையை வைத்து வரிசையாக்கப்பட்டுள்ளன. அகரவரிசை கண்ணுக்கு உதவும்; எதுகை காதுக்கு உதவும். புத்தகம் கையில் இல்லாத பிள்ளைக்குக் காதுதானே அகராதி.

இதே உத்தி பாரசீக உலகிலும் இருந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அபூ நஸ்ர் பராஹி என்பவர் பாரசீகப் பிள்ளைகளுக்கு அரபுச் சொற்களைக் கற்பிக்க ‘நிஸாபுஸ் ஸிப்யான்’ என்ற செய்யுள் நூலை யாத்தார். இருநூறு அடிகள். ஏன் இருநூறு? வெள்ளிக்கு ஸகாத் கடமையாகும் நிஸாப் இருநூறு திர்ஹம். இவ்வளவு சொல் சேர்ந்தால்தான் பிள்ளை கல்வியில் வசதியானவன் என்று பெயரிலேயே சொல்லிவிட்டார். இந்தியாவில் ‘காலிக் பாரீ’ என்ற நூல் பாரசீக, அரபுச் சொற்களுக்கு ஹிந்தவிப் பொருள் கூறியது. அமீர் குஸ்ரு எழுதியது என்று மக்கள் நம்பினாலும், அது ஜஹாங்கீர் காலத்து வேறொரு குஸ்ருவின் நூல் என்று மஹ்மூத் ஷீரானி வாதிட்டார். அது ஆராய்ச்சியாளர்களின் தகராறு. நாம் அதற்குள் போகத் தேவையில்லை.

ஆனால் ஒரு கேள்வி மட்டும் என்னை விடாமல் துரத்துகிறது. அரபுத்தமிழில் மாலையும் கிஸ்ஸாவும் பிக்ஹும் எழுதிக் குவித்த சமூகம் நாம். வெலிகமையில் மத்ரஸதுல் பாரி 1884லேயே தொடங்கிவிட்டது. மஹரகமை கபூரிய்யா 1931இல் வந்தது. பேருவளை ஜாமிஆ நளீமிய்யா 1973இல். மௌலவிமார் அங்கே அரபு மொழியை இலக்கணத்தோடு கற்றார்கள். ஆனால் மத்ரஸாவுக்குப் போகாத ஒரு பெண் பிள்ளை, தான் தினமும் ஓதும் சொல்லின் பொருளை ஒவ்வொன்றாகப் பாடமாக்க வழி செய்யும் சின்ன நிகண்டு ஒன்று என் உம்மம்மாவின் கையிலோ உம்மாவின் கையிலோ என் கையிலோ வந்து சேரவில்லை.

இனிப் பதுளைக்கு வருகிறேன்.

தோட்டங்களில் பிறபாஷைச் சொல்லைப் பாடமாக்கியவர்கள் யார் என்று கேட்டால், முதல் விடை துரைமார். கோப்பி போய்த் தேயிலை வந்த காலத்தில் இங்கிலாந்திலிருந்தும் ஸ்கொட்லாந்திலிருந்தும் வந்திறங்கிய இளைஞனுக்குத் தொழிலாளரின் தமிழ் தெரியாமல் பெரட்டுக் களத்தில் நிற்க முடியாது. அவனுக்கென்று கொழும்பில் அச்சான கையேடு ஒன்றின் பெயர் ‘இங்கே வா’. சின்னத்துரையின் சட்டைப்பைத் தமிழ் வழிகாட்டி என்பது அதன் துணைத்தலைப்பு. எழுதியவர் ஏ. எம். பெர்குசன் இளையவர். 1915இல் டபிள்யூ. ஜீ. பி. வெல்ஸ் எழுதிய இன்னொரு கையேட்டுக்குப் பெயரே ‘கூலித் தமிழ்’. தமிழ் இலக்கியம் படித்த எனக்கு இத்தலைப்புகளைக் கேட்டால் உடம்பு கூசும். பிற பாஷை ஒன்றைக் கற்க வந்தவன் அதன் வணக்கச் சொல்லில் தொடங்குவது உலக வழக்கம். இங்கோ நூலின் தலைப்பே ஏவல் ஒருமை. ‘வாங்க’ என்ற சொல் அங்கு தேவைப்படவில்லை.

எங்கள் ஆட்களும் பாஷை பொறுக்கியவர்கள்தான், ஆனால் வேறு காரணத்துக்காக. என் வாப்பா புடைவை மூட்டையோடு ஹாலி-எல, தெமோதரை, பசறை என்று லயம் லயமாகப் போனவர். சம்பள நாளுக்குத் தவணை வைத்துப் பற்றுக்குக் கொடுப்பார். அவருடைய பற்றுக் கொப்பியின் கடைசித் தாள்களில் சிங்களச் சொற்கள் தமிழ் எழுத்தில் வரிசையாக இருக்கும். அவருடைய வாப்பாவோ கணக்கையே அரபுத்தமிழில் எழுதியவர். “சாமான் விக்கிறவன் ‘வாங்க’ண்டு சொல்லப் பழகோணும் மகள், ‘வா’ண்டு சொன்னா ஆரு வாங்குவா?” என்பார் வாப்பா.

அந்தத் தாய் முதல் பாடத்துக்கு வந்தபோது ஒரு தாளைக் கொண்டுவந்தார். அனுப்பிவைக்கும் முகவர் கொடுத்ததாம். முப்பது சொற்கள் வரும். தஆலி: வா. ரூஹி: போ. ஜீபி: கொண்டு வா. நல்லிபி: துடை. எல்லாம் பெண்ணைப் பார்த்துச் சொல்லும் ஏவல் ஒருமை. எனக்கு அந்த இடத்திலேயே ‘இங்கே வா’ நினைவுக்கு வந்தது. இவருடைய பூட்டனையும் பூட்டியையும் ஏவுவதற்காக ஒரு வெள்ளைக்காரப் பொடியன் நம் பாஷையில் பாடமாக்கிய அதே சொற்களை, தான் ஏவப்படுவதற்காக இன்னொரு பாஷையில் இவர் பாடமாக்கப் போகிறார். நூறு வருடத்தில் மாறியது எந்தப் பக்கத்தில் மனனம் நடக்கிறது என்பது மட்டும்தான்.

அந்தத் தாளில் ‘எனக்கு’ என்ற சொல் இல்லை. ‘வலிக்கிறது’ இல்லை. ‘ஏன்’ இல்லை.

பிறிஸ்டல் போட் வாங்கிச் சீட்டளவு வெட்டினேன். ஒரு பக்கம் தமிழ்; மறுபக்கம் அரபுச் சொல் தமிழ் எழுத்தில். நாளுக்கு எட்டுச் சொல், ஐம்பது நாள், நானூறு சொல் என்பது திட்டம். புதன்கிழமை தொடங்கினோம். (ஸர்னூஜியின் உஸ்தாது பாடங்களைப் புதனில்தான் தொடங்குவாராம், நாமும் பார்ப்போமே என்று.) சப்பாத்துப் பெட்டியொன்றை மட்டையால் ஐந்தாகப் பிரித்து லைட்னர் பெட்டியாக்கினேன். ஆனால் லயத்துக் காம்பிராவில் பெட்டியை விரித்து வைக்க இடமும் இல்லை, நேரமும் இல்லை. அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். காலையில் மலைக்குப் போகும்போது நேற்றைய எட்டு அட்டைகளையும் இடுப்பில், படங்குக்கு உட்புறம் செருகிக்கொள்வார். ஒரு நிரை கொழுந்து எடுத்து முடிந்ததும் ஒரு தடவை சொல்வது. அப்படி ஐந்து நிரைக்கு ஐந்து தடவை. பிறகு முந்தாநாள் அட்டைகள், நாலு நிரை. கணக்கப்பிள்ளை கண்டால் ஏசுவார் என்பதால் அட்டையை எடுத்துப் பார்ப்பது கொழுந்து நிறுக்கும் நேரத்தில் மட்டும்தான். ஸர்னூஜியின் கணக்கு தேயிலை நிரைக்கு இவ்வளவு பொருந்தும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பக்கத்து நிரைக்காரிகள் இவருக்குப் பேய் பிடித்துவிட்டது என்று பேசினார்களாம்.

எழுத்துப் பிரச்சினை உடனே வந்தது. தமிழ் எழுத்தில் எழுதினால் இதயமும் ‘கல்ப்’, நாயும் ‘கல்ப்’. அரபியில் முதலாவதற்கு காப், இரண்டாவதற்குக் காஃப், இரண்டும் வேறு எழுத்து, வேறு ஒலி. தமிழை அரபு எழுத்தில் எழுதவந்த நம் முன்னோருக்கு இதன் மறுபக்கம் பிரச்சினையாக இருந்தது. ட, ங, ண, ள போன்றவற்றுக்கு அரபியில் எழுத்தில்லை. உள்ள எழுத்துக்குப் புள்ளி கூட்டி அதைத் தீர்த்தார்கள். நானும் அதையே திருப்பிச் செய்தேன்: தொண்டையின் அடியிலிருந்து வருவதற்கெல்லாம் எழுத்தின் கீழே சிவப்புப் புள்ளி. பாட்டனார் விட்டுப்போன உத்தி பேத்திக்கு உதவியது.

இன்னொரு விடயம் எதிர்பாராமல் கிடைத்தது. பாடமாக்கப் போகும் சொற்களில் கொஞ்சம் அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. வசூல், பாக்கி, ரத்து, ஜாமீன், வக்கீல், அசல், நகல், ஆஜர், மகசூல் எல்லாம் அரபி வழி வந்தவை. தோட்டத்து ஆட்களுக்கு இவற்றில் பாதி சம்பளச் சண்டையிலும் மிச்சம் கோட்டிலும் கேள்விப்பட்டவை. “அப்ப நா கொஞ்சம் அரபி பேசிக்கிட்டுத்தான் இருந்திருக்கேன்” என்று சிரித்தார். நம் பிள்ளைகளுக்கோ இது பல மடங்கு. கிதாபு, ஹயாத்து, மௌத்து, துனியா, சபுறு, நிய்யத்து, பரக்கத்து என்று நூற்றுக்கணக்கான சொற்களைத் தாய்ப்பாலோடு குடித்திருக்கிறோம். ஓதல் ஒரு பக்கம், இந்தப் பேச்சு மொழி ஒரு பக்கம். இரண்டும் ஒன்றேதான் என்று நம் ஓதப்பள்ளியில் யாரும் காட்டித் தந்ததில்லை.

ஐம்பது நாளில் நானூறு சொல் முடியவில்லை. முந்நூற்றிச் சொச்சத்தோடு விமானம் ஏறினார். பெட்டியை அவிழ்த்து அட்டைகளை மட்டும் றப்பர் பட்டியில் கட்டிக் கொண்டுபோனார்.

நாலு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை தொலைபேசி எடுத்தார். முதல் வார்த்தையே முறைப்பாடு. “டீச்சர், தண்ணிக்கு நீங்க சொன்ன சொல்லு இங்க யாருக்கும் வெளங்கல. மோயான்னு சொல்றாங்க.” நான் கொடுத்தது கிதாபுத் தமிழ் மாதிரி, கிதாபு அரபி. குர்ஆனிலும் அகராதியிலும் உள்ள ‘மாஃ’ அந்த வீட்டுக் குசினியில் செல்லவில்லை. தாகமெடுத்தவர் கேட்கும் முதற் சொல்லையே பிழையாகக் கொடுத்திருக்கிறேன். ஆனால் ‘ஷாய்’ சரியாக விளங்கியதாம். நாள் முழுதும் தேயிலை எடுத்தவர் அங்கே நாள் முழுதும் தேநீர் ஊற்றினார். ‘ரூஹி’ என்ற சொல்தான் அதிகம் காதில் விழுவதாகச் சொன்னார். “அப்பிடின்னா போடின்னு அர்த்தம், டீச்சர்.” நமக்கு ரூஹ் என்றால் உயிர். ‘ரூஹீ’ என்று நீட்டினால் ‘என் உயிரே’ என்றும் பொருள்படும். இரண்டுக்கும் வேரெழுத்து ஒன்றே. அவரிடம் அதை நான் சொல்லவில்லை.

இரண்டு வருட ஒப்பந்தம் முடிந்து 2012இல் அவர் திரும்பி வந்தார். அடுத்த ஜனவரி 9ஆம் திகதி மூதூர் றிஸானா நபீக்கின் மரண தண்டனை சவுதியில் நிறைவேற்றப்பட்டது. 2005இல் அவர் கைதானபோது கொடுத்த வாக்குமூலத்தை மொழிபெயர்த்தவரின் தகுதி பற்றிய கேள்வி கடைசிவரை எழுப்பப்பட்டுக்கொண்டே இருந்தது. செய்தி வந்த மறுநாள் அந்தத் தாய் எங்கள் வீட்டுக்கு வந்தார். வாசலில் நிற்கவில்லை, உள்ளே வந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “அந்தப் புள்ளைக்கு யாரும் ஒரு அட்டை எழுதிக் குடுக்கலையே டீச்சர்” என்றார். ஒரு பிள்ளையின் உயிர் அட்டையில் தொங்கவில்லை, சட்டத்திலும் அரசுகளிலும் தொங்கியது என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

அன்று அவர் அட்டைக் கட்டைத் திருப்பிக் கொடுத்தார். எண்ணிப் பார்த்தேன். நான் கொடுத்ததைவிட நாற்பதுக்கும் மேல் கூடுதலாக இருந்தன. பிஸ்கட் பெட்டி மட்டையில் வெட்டி, தானே எழுதியவை. ‘தஃபான்’: களைப்பு. ‘லேஷ்’: ஏன். ‘மும்கின்’: முடியுமா. நான் காட்டிக் கொடுத்த சிவப்புப் புள்ளியை அங்கே சிவப்புப் பேனை கிடைக்காததால் ஊசியால் குத்தி வைத்திருந்தார். வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும்.

அதில் ஒன்று ‘ராத்திப்’. மறுபக்கம் ‘சம்பளம்’ என்று எழுதியிருந்தது. அந்த அட்டை மட்டும் மூலைகள் தேய்ந்து நார்நாராகிப் போயிருந்தது. மூன்று மாதச் சம்பளம் கொடுபடாமல் நின்றபோது கற்றுக்கொண்டதாம். தினமும் காலையில் ஒரு தடவை, இரவில் ஒரு தடவை வீட்டுக்காரியிடம் சொன்னாராம். வேறு வாக்கியம் ஒன்றும் சேர்க்கவில்லை, சொல் மட்டும். நாலாம் மாதம் கொடுத்துவிட்டார்கள்.

ராத்திபு என்றால் நம் ஊர்ப் பள்ளிகளில் வேறு. குறித்த இரவுகளில் வட்டமாக இருந்து ஓதும் திக்ரு மஜ்லிஸ். ஒழுங்காக, மாறாமல், குறித்த நேரத்துக்கு வருவது எதுவோ அது ராத்திப். ஓதலும் அதுதான், சம்பளமும் அதுதான். நான் இதைச் சொன்னபோது அவர், “அப்ப நா ஓதித்தான் வாங்கியிருக்கேன்” என்றார்.

அன்று இஷாவுக்குப் பிறகு அந்தப் பழைய சப்பாத்துப் பெட்டியை எடுத்து, பிறிஸ்டல் போட்டில் புதிதாக இருபத்தைந்து அட்டை வெட்டினேன். சூறத்துல் பாத்திஹாவின் சொற்கள், ஒவ்வொன்றாக. முதலாம் அறையில் ‘ஸிராத்’ மூன்று நாள் தேங்கிக் கிடந்தது. இப்போது பெட்டி அந்தத் தாயின் இளைய மகளிடம் இருக்கிறது. கொரியப் பரீட்சைக்குச் சொற்கள் எழுதுகிறாள். அறைகளுக்கு நடுவிலிருந்த மட்டைகள் உக்கிவிட்டன என்று புதிது போட்டிருக்கிறாள்.